எதிர்கொண்டு வந்தவர்கள்

வடகரைச் சபைகள் – 14

ஜூன் 29ஆம் தேதி இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஒரே நாளில் திருவிழா. பேதுரு, பவுல் என்று சொல்லிப் பழகிய சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளையான எனக்கு, சிறுவயதில் அந்தப் பெயர்கள் வேறு யாரோ இரண்டு பேருடையவை என்றுதான் எண்ணம். இராயபுரம் என்ற பெயருக்குள்ளேயே பேதுரு இருக்கிறார் என்பதை ஒரு கத்தோலிக்க நண்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மீன்பிடித்த பேதுருவைப் பற்றி இந்தத் தொடரில் நிறையவே பேசிவிட்டோம். இந்த வாரம் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பவுல்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் வாசிக்கும் விதமே தனி. ரோமாபுரிக்குப் போகும் கப்பலில் பவுல் ஒரு கைதி. புயல் பிடித்துக்கொள்கிறது. சரக்கைக் கடலில் எறிகிறார்கள், கப்பலின் தளவாடங்களையும் எறிகிறார்கள். பதினாலு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கப்பலில் மொத்தம் 276 பேர். லூக்கா தலையை எண்ணி எழுதி வைத்திருக்கிறார். விடியும் வேளையில் அந்தக் கைதி எழுந்து, எல்லோரையும் சாப்பிடச் சொல்லி வேண்டுகிறார். பிறகு அவரே அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, எல்லோர் கண்முன்னாலும் பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெம்பு வந்து, கை சாப்பாட்டுக்குப் போகிறது. கப்பல் உடைந்தது. ஆனால் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், தெரியாதவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும் 276 பேரும் மால்டா தீவில் கரையேறினார்கள்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். எனக்கு அடுத்த அதிகாரத்தில் வரும் சின்ன விஷயம்தான் முக்கியம். மூன்று மாதம் கழித்து பவுல் இத்தாலியில் கரையிறங்கி, ரோமாபுரிச் சாலையில் நடக்கிறார். செய்தி கேள்விப்பட்ட அந்த நகரத்து விசுவாசிகள் அவரை எதிர்கொள்ளப் புறப்பட்டு வருகிறார்கள். சிலர் அப்பியு புரம் என்ற இடம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் என்ற இடம் வரைக்கும். அப்பியு புரம் ரோமாபுரியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நம் கணக்கில் சொன்னால், ஒரு கைதியைப் பார்க்க இராயபுரத்திலிருந்து பழவேற்காட்டுக்கும் அப்பால் போவது மாதிரி. பெரும்பாலானவர்கள் அவருடைய முகத்தைக்கூட அதுவரை கண்டதில்லை. அவர் எழுதிய கடிதம் மட்டும்தான் அவர்களுக்குப் பழக்கம். அவர்களைக் கண்ட பிறகே பவுலுக்குத் தைரியம் வந்தது என்று லூக்கா எழுதுகிறார். நடுக்கடலில் 276 பேரைத் தேற்றிய மனுஷனுக்குத் தரையில் தைரியம் தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர்கள் பெயர் தெரியாத சில பேர்.

தேற்றுவது என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கின தண்ணீரைத் தெளியவைக்க அந்தக் காலத்துப் பெண்கள் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். சேறு எங்கேயும் போய்விடாது; அடியில் இறங்கிவிடும். மேலே இருக்கும் தண்ணீரைக் குடிக்கலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு வரும் சொல்லுக்குப் பக்கத்தில் அழைப்பது என்று அடிப்பொருள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கொட்டை பானைக்குள் இறங்கித்தான் உரச வேண்டியிருக்கிறது என்பது புரிகிறது. வெளியே நின்றுகொண்டு தேற்ற முடியாது.

இதை இராயபுரத்துப் படகுக்காரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பது என் நம்பிக்கை. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் ஒன்று உண்டு. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகை நம்மூர் அலை உடைத்துப் போடும். தைத்த படகு அலைக்கு வளைந்து கொடுக்கும். துடுப்புக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரே தாளத்தில் வலிப்பார்கள். அலை பெரிதாக எழும்போது பாட்டும் உரக்க எழும். ஒருவன் கை சோர்ந்தாலும் பாட்டின் வேகம் அவன் கையை இழுத்துக்கொண்டு போகும். யாராவது கடலில் விழுந்துவிட்டால் தூக்குவதற்கென்று கட்டுமரங்கள் பக்கத்திலேயே வரும்.

அந்தப் படகுத் தொழிலில் இருந்த குருகுல வம்ச வர்ணகுல முதலியார் சமூகத்துக் கத்தோலிக்கர்கள் கட்டியதுதான் இராயபுரத்துப் புனித இராயப்பர் கோயில். 1820களில் எழும்பியது. பணம் எந்தப் பிரபுவும் கொடுத்ததல்ல. படகுக் கூலியிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கிச் சேர்த்த பொதுநிதி அது. ஒவ்வொரு முறை அலையைத் தாண்டிக் கரைசேர்ந்தபோதும் விழுந்த காசு. அவர்களுக்குள்ளும் பிணக்கு இருந்தது. கோயில் நிர்வாகம் யாருக்கு என்பதில் பிற்காலத்தில் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அந்தக் கோயிலுக்குள் போய் உட்காரும்போதெல்லாம், இத்தனை கைகள் சேர்ந்து வலித்த படகு இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1881 நவம்பர் புயல் புதிதாகக் கட்டிய துறைமுகச் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். துறைமுகம் நிலைத்ததும் மசூலாவின் பிழைப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது. கோயில் இருக்கிறது.

எண்ணூர்ப் பக்கம் வருவோம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படர்ந்தது. படகு கருப்பு, வலை கருப்பு, வாசற்படி கருப்பு. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. மறுநாள், சுனாமியின் பத்தொன்பதாவது நினைவு நாள், நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, தூங்கின பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். ஒரே மாதத்துக்குள் தண்ணீர், எண்ணெய், காற்று மூன்றும் அடித்தது.

சில வாரம் கழித்து எர்ணாவூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். மீன் விற்கும் ஒரு பெண் அங்கே சொன்னதை அப்படியே தருகிறேன். "ரெண்டு நாளா வவுத்துல ஒண்ணுமே எறங்கல. பக்கத்துத் தெரு அக்கா தூக்குல கஞ்சி எடுத்துனு வந்துச்சு. ஜெபம் பண்ணுக்கான்னேன். மொதல்ல நீ குடி, ஜெபம் எங்கியும் போவாது, நானும் இன்னும் சாப்புடல, ரெண்டு பேரும் குடிப்போம்னு சொல்லிச்சு." அந்த அக்காவின் வீட்டுக்குள்ளும் எண்ணெய் புகுந்திருந்தது. 27ஆம் அதிகாரத்தை அவர் எத்தனை முறை வாசித்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நம் சபைகளில் பார்க்கிறேன், சொல்லாமல் விட மனம் இல்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்கிறவர்கள் யார்? வேலை கிடைத்தவர், விசா வந்தவர், மகளுக்கு மெடிக்கல் சீட் வாங்கினவர். அவர்களுடைய சந்தோஷம் நியாயமானது. ஆனால் கடைசிப் பெஞ்சில், காண்டிராக்ட் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு உட்கார்ந்திருக்கிறவர் ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து செருப்பைத் தேடுகிறார். வாசலில் யாராவது பிடித்துக்கொண்டால், "கர்த்தர் பாத்துக்குவாரு பிரதர்" என்று ஒரு வார்த்தை. அல்லது அதைவிடக் கொடுமையாக, "விசுவாசத்துல எங்கியோ குறை இருக்கு." இப்படிப் பேசுவதை ஊக்கம் என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும். போதகர்களின் நிலையும் இதுதான். ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் போகிறவருடைய வீட்டுக்கு, அவர் மனைவிக்கு ஆபரேஷன் என்றால் எத்தனை பேர் போகிறோம்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். 1980களின் கடைசியில் ஆலைக் கதவை மூடினார்கள். முதல் இரண்டு மாதம் அப்பா கோயிலுக்கு வந்தார். பிறகு காணிக்கைத் தட்டு வரும்போது கையைப் பையில் விட முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பாடகர் குழுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பழைய ஆர்மோனியத்தைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். துருத்தி கிழிந்து, இரண்டு கட்டை அமுங்கிக் கிடந்தது. "அண்ணே, கிறிஸ்துமஸுக்குள்ள இது ஒங்களால ஆவுமா? வெளிய குடுத்தா எங்ககிட்ட காசு இல்ல." அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவர் அதுவரை ஆர்மோனியத்தைப் பிரித்துப் பார்த்ததே கிடையாது. மூன்று வாரம் எங்கள் கூடத்தில் திருகுகளும் பித்தளை நாக்குகளும் தினத்தந்தித் தாளின்மேல் பரப்பிக் கிடந்தன. எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்கும் சாக்கில் அந்த நாலு பேரும் சாயங்காலங்களில் வந்தார்கள். அவர்களில் இருவருக்கு அதே ஆலையில்தான் வேலை போயிருந்தது என்பதை எனக்குப் பல வருஷம் கழித்து அம்மா சொன்னார். வந்த இடத்தில் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள், கீர்த்தனை பழகினார்கள், யார் வீட்டில் அரிசி இல்லை என்று பேசிக்கொண்டார்கள். டிசம்பர் மூன்றாவது வாரம் ஆர்மோனியம் சத்தம் கொடுத்தது. அப்பாவே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

அதற்கப்புறம் அந்தப் பகுதியில் எந்த ஆலை மூடினாலும் அப்பா சாயங்காலத்தில் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் வீட்டுக்கு என்று அம்மா கேட்டால் பெயரை மட்டும் சொல்வார். எதற்கு என்றால், "அவனாண்ட ஒரு ஸ்பேனர் கடன் வாங்கணும்" என்பார். பை நிறைய ஸ்பேனர்தான் இருக்கும்.