ஒரு லிட்டர் எத்தனாலின் உண்மையான விலை

இந்தியப் பெட்ரோலில் 2013-14ஆம் ஆண்டில் 1.5 விழுக்காடு மட்டுமே கலந்திருந்த எத்தனால், 2022 ஜூனில் 10 விழுக்காட்டை எட்டி, முதலில் 2030ஆம் ஆண்டுக்கெனக் குறிக்கப்பட்டிருந்த 20 விழுக்காட்டு இலக்கை 2025ஆம் ஆண்டிலேயே தொட்டுவிட்டது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த எத்தனால் எந்தப் பயிரிலிருந்து வந்தது, எந்த மண்ணின் நீரைக் குடித்து அப்பயிர் விளைந்தது, ஆலையின் எந்தக் கட்டத்தில் அது பிரிக்கப்பட்டது என்பவற்றை அறியாமல் அதன் மதிப்பைக் கணிக்க இயலாது.

எத்தனால் என்பது சர்க்கரையையோ, சர்க்கரையாக மாற்றிய மாவுச்சத்தையோ ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்து, காய்ச்சி வடித்து, எஞ்சிய நீரையும் அகற்றிப் பெறும் எரிசாராயமே ஆகும். அது எரியும்போது வெளியேறும் கரியமில வாயு, பயிர் வளர்ந்த காலத்தில் காற்றிலிருந்து உறிஞ்சிய வாயுவே என்பதால், நிலத்தடியில் புதைந்திருந்த கரியைப் புதிதாகக் காற்றில் சேர்க்கும் பெட்ரோலைவிட அது தூய்மையானது என்று வாதிடப்படுகிறது. வாதம் சரியானதே, ஆனால் முழுமையானதன்று. இயற்கை எரிவாயுவைக் கொண்டு தயாரிக்கப்படும் யூரியாவும், அந்த யூரியா இட்ட வயலிலிருந்து கிளம்பும், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டவல்ல நைட்ரஸ் ஆக்சைடும், வடிப்பாலையின் கொதிகலனில் எரியும் நிலக்கரியும் அந்தக் கணக்கில் சேர்ந்தே தீர வேண்டும்.

எந்தக் கட்டத்தில் பிரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து எத்தனாலின் மதிப்பு மாறுவதைத் தெளிவாகக் காட்டும் இடம் கரும்பாலை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கிச் சுழற்றும்போது சர்க்கரை ஒருபுறம் பிரிய, கொழகொழப்பான கரும்பழுப்புப் பாகு மறுபுறம் வழிகிறது, இதுவே மொலாசஸ். எடுக்கத்தக்க சர்க்கரை முழுவதையும் எடுத்தபின் எஞ்சும் பாகுக்குச் ‘சி ஹெவி’ என்றும், ஓரளவு சர்க்கரையை உள்ளே விட்டுவைத்து முந்தைய கட்டத்திலேயே எடுக்கும் பாகுக்குப் ‘பி ஹெவி’ என்றும் பெயர். முதல் வகையிலிருந்து கிடைக்கும் எத்தனாலுக்கெனத் தனியாக ஒரு சென்ட் நிலமும் வேண்டியதில்லை என்பதால், பயிர் எரிபொருள்களில் இதையே மிகச் சிறந்ததாகக் கொள்ளலாம். சர்க்கரையே எடுக்காமல் சாற்றை நேரடியாக வடிக்கும்போது நிலை தலைகீழாகிறது: நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, கரும்புச் சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது.

உழவரின் பக்கமிருந்து நோக்கினால் நன்மை மறுக்க இயலாதது. சர்க்கரை விற்றுத் தீர மாதங்கள் ஆகும். எத்தனாலுக்கோ எண்ணெய் நிறுவனங்கள் சில வாரங்களிலேயே பணம் தந்துவிடுகின்றன. வெட்டிய கரும்புக்கான நிலுவைத் தொகைக்கு ஆண்டுக்கணக்கில் ஆலை வாயிலில் காத்துநின்ற குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நகரத்து விவாதங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

ஆனால் 2023இல் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் மழையின்றித் தவித்தபோது, சர்க்கரைத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய மத்திய அரசு அவ்வாண்டு டிசம்பரில் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. அரசுக் கிடங்கு அரிசியை எத்தனாலுக்கு வழங்குவது அதற்கு முன்பே ஜூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. பளு பெரும்பாலும் மக்காச்சோளத்தின்மேல் விழுந்தது. லிட்டருக்கு 71.86 ரூபாய் என எத்தனால் வகைகளிலேயே உயர்ந்த கொள்முதல் விலை அதற்கு அளிக்கப்பட, மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அதை வரவழைக்கும் நிலைக்கு வந்தது.

இதன் தாக்கத்தை உடனே உணர்ந்தது கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல். முட்டைக்கோழித் தீவனத்தில் பாதியளவு மக்காச்சோளமே என்பதால், வடிப்பாலை தரும் விலையோடு பண்ணையாளர் போட்டியிட வேண்டியதாயிற்று. வடித்தபின் எஞ்சும் புரதம் மிகுந்த சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறதே என்பது ஆலைத் தரப்பின் விடை. ஒரு டன் தானியத்திலிருந்து ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனாலும் 300 கிலோ சக்கையும் கிடைப்பது உண்மைதான். எனினும் மாவுச்சத்து நீங்கியபின் மற்ற அனைத்தும் சுமார் மும்மடங்கு செறிவடைவதால், ஈரத்தில் பூஞ்சை பிடித்த தானியத்திலுள்ள அஃப்ளடாக்சின் என்னும் நச்சும் அதே அளவுக்குச் செறிந்து தீவனத் தொட்டியை அடைகிறது.

1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய பிரேசிலை முன்மாதிரியாகக் காட்டுவோர், சாவோ பாவுலோ மாநிலத்தின் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது என்பதையும், அங்குள்ள ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்தே இயங்குகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை நம்பிய, மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதிக் கரும்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

உணவோடும் நீரோடும் போட்டியிடாத வழியாகக் கருதப்படுவது, தானியத்தை விடுத்து வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் இரண்டாம் தலைமுறை முறை. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எடுக்கும் நோக்கத்துடன், சுமார் 900 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த ஆலை ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. வைக்கோலின் செல்லுலோஸைச் சூழ்ந்திருக்கும் லிக்னின் என்னும் மரப்பசையைப் பிளப்பதற்குச் சூடும் அமிலமும் நொதிகளும் தேவைப்படுவது ஒரு தடை என்றால், நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைக்கும் மூன்று வார காலத்துக்குள் வயல்தோறும் அதைக் கட்டி ஏற்றிச் சேமிப்பது மற்றொரு தடை. கட்டும் இயந்திரம் உரிய நாளில் வந்துசேராத வயலில், அதே வைக்கோலுக்கு இன்றும் தீயே வைக்கப்படுகிறது.