கறவை மாட்டின் வயிறும் கடன் கணக்கும்

பெங்களூரின் ஜோகுபாளையம், அல்சூரை ஒட்டிய பழைய ஊர். சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்ட பின்பும், வீட்டின் பின்புறம் இரண்டு மூன்று மாடுகளைக் கட்டிப் பால் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களுள் ஒருவர் நமது வங்கியின் வாடிக்கையாளர். சில ஆண்டுகளுக்கு முன் கலப்பினக் கறவைப் பசு ஒன்றை வாங்க ரூ.70,000 கடன் பெற்றார். ஏழு தவணைகளை நாள் தவறாமல் செலுத்தினார், எட்டாவது வரவில்லை. நாங்கள் நேரில் சென்றபோது கொட்டகையில் அந்தப் பசு இல்லை.

திருமண மண்டபம் ஒன்றில் மீந்த சோற்றையும் பாயசத்தையும் யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கின்றனர். பசு ஓர் அண்டாச் சோற்றை உண்டு முடித்தது. மறுநாள் அசைபோடவில்லை, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, படுத்துவிட்டது. மருத்துவர் வந்தபோது காலம் கடந்திருந்தது. “வாயில்லாச் சீவனுக்கு நல்ல சாப்பாடுதானே போட்டேன், சார்” என்றார் அவர். எங்களிடம் பதில் இல்லை.

பதிலைப் பின்னரே அறிந்துகொண்டோம். பசுவின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் முதலாவதான பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிக்கலம். அங்கு வாழும் நுண்ணுயிர்களே வைக்கோலையும் புல்லையும் சிதைத்து, பசுவின் ஆற்றலுக்குப் பெரும்பகுதியான கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களும் அடுத்த அறைகளில் செரிக்கப்பட்டுப் பசுவுக்குப் புரதமாகின்றன. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரில் சோடா உப்பு போன்ற காரம் உண்டு. அது பெருவயிற்றின் அமிலத்தைச் சமன் செய்கிறது. வெந்த சோறு திடீரென மிகுதியாகச் சேரும்போது, மாவுச்சத்து விரைந்து நொதித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. நார் இல்லாததால் அசைபோடுதலும் உமிழ்நீரும் குறைகின்றன. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. ஓரிரு நாட்களில் உயிரே போகலாம்.

ஆகவே சோறு, தவிடு, மாவு எதுவாயினும் அளவோடு, வைக்கோல் தின்ற பிறகே தருதல் நன்று. புதிய தீவனத்திற்கு இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். கலப்புத் தீவனத்திற்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: உடல் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. தாது உப்புக் கலவை நாளுக்குச் சுமார் 50 கிராம் போதும். கர்நாடகத்தில் எளிதாகக் கிடைக்கும் கேழ்வரகு வைக்கோல், நெல் வைக்கோலைவிடச் சத்து மிகுந்தது. மாடு தீனி எடுக்காமல் வயிறு உப்பினால் கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

வியப்பு என்னவெனில், இந்த அறிவு ஜோகுபாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. ஆடுகோடியில் 1923-இல் தோன்றிய பால்வள ஆய்வு நிலையத்தில்தான் காந்தியடிகள் 1927-இல் சில நாட்கள் மாடு வளர்ப்பைக் கற்றார். அதே ஆடுகோடியில் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் 1995-இல் தொடங்கப்பட்டது. பெருவயிற்றில் உண்டாகி ஏப்பமாக வெளியேறும் மீத்தேன் வாயுவில், தீவனத்தின் ஆற்றலில் ஒரு பங்கு வீணாகிறது. அதைக் குறைக்க, துவர்ப்புச் சத்து மிகுந்த தாவரப் பொருள்களைக் கொண்டு ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கையை இந்நிறுவனம் உருவாக்கியுள்ளது.

எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டும். கடன் விண்ணப்பத்தில் பசுவின் இனம், ஈற்று, கறவை அளவு, காப்பீடு ஆகிய அனைத்தையும் கேட்டோம். அது என்ன தின்னும் என்று கேட்கவில்லை. பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே செல்கிறது என்பது தெரிந்தும், மாட்டின் விலைக்குத்தான் கடன் கொடுத்தோம். 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையின் அறிவிப்புப்படி, உழவர் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தீவனம், மருத்துவம் முதலிய நடைமுறைச் செலவுகளுக்கு அதில் கடன் பெறலாம். மாடு வாங்கக் கடன் கேட்டு வருவோர் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காதில் அடையாள வில்லையும் மருத்துவரின் சான்றும் இருந்ததால் அவருடைய பழைய கடனைக் காப்பீட்டுத் தொகை தீர்த்தது. இழந்த பால் வருமானத்தை யாரும் ஈடுசெய்யவில்லை. இப்போது அவரிடம் வேறொரு பசு இருக்கிறது. அட்டையில் எடுத்த முதல் தொகைக்குக் கேழ்வரகு வைக்கோல் வாங்கிக் கூரைக்குக் கீழே அடுக்கியிருக்கிறார். மண்டபத்துச் சோறு வந்தால் இரண்டு கைப்பிடி மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறாராம்.