வலமும் இடமும்

தடித்த டயரும் பல கியர்களும் கொண்ட மலைச் சைக்கிள், இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மாடிப்படியின் அடியில் இடம்பெற்றுவிட்டது. மலையேறுவதற்கென்று பிறந்த அவ்வண்டி நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் டியூஷன் வகுப்புக்கும் ஏற்றிச் செல்கின்றது. இரண்டு மூன்று மழைக்காலங்களைக் கண்ட பின்னர், மிதிக்குந்தோறும் அதன் நடுப்பகுதியிலிருந்து ‘கட்கட்’ என்றோர் ஓசை எழத் தொடங்கும். எண்ணெய் விட்டால் அடங்கும் என்றெண்ணி நாம் வாளாவிருந்து விடுகின்றோம். அஃது அடங்குவதில்லை. ஓசை கேட்ட வாரத்தில் சில நூறு ரூபாயோடு முடியக்கூடிய வேலை, ஒரு பருவம் கடந்தால் கிராங்கையும், சில சமயம் வண்டியின் சட்டத்தையுமே பலி கொள்ளும். அன்றியும், பிள்ளை பெடலின்மேல் எழுந்து நின்று மிதிக்கும் வேளையில் கிராங்க் கழன்றால், சாலையில் விழுவது வண்டி மட்டுமன்று.

ஆகவே, கிராங்கையும் அது சுழலும் நடு அச்சையும் மாற்றும் முறையை ஒவ்வோர் இல்லத்தாரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். தாமே செய்யாவிடினும், செய்பவர் கையை அருகிலிருந்து பார்க்கவாவது இவ்வறிவு உதவும்.

சட்டத்தின் மூன்று குழாய்கள் கூடுமிடத்தில் குறுக்காக ஒரு சிறு குழல் உண்டு. அதனுள் இருப்பதே நடு அச்சு. கடைக்காரர்கள் அதனைப் ‘பி.பி. அச்சு’ என்பர். அதன் இரு முனைகளிலும் மாட்டப்பெறும் கைகளே கிராங்குகள். வலக் கிராங்கோடு பல்சக்கரங்கள் இணைந்திருக்கும். ஓசை எதனின்று எழுகிறது என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கிராங்குகளைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். ஒரு கிராங்க் மட்டும் ஆடினால், அதன் போல்ட் தளர்ந்தது என்று பொருள். இரண்டும் ஒன்றாகவே ஆடினால், உள்ளிருக்கும் பால்ரஸ் தேய்ந்தது; அச்சை மாற்ற வேண்டும். இரண்டும் ஆடாமல் ஓசை மட்டும் கேட்டால் பெடலையும் சீட்டுக் கம்பியையும் முதலில் ஐயுறுக.

நம் நாட்டு வண்டிகளில் இவ்வச்சு பெரும்பாலும் மூவகைப்படும். பழைய பெரிய சைக்கிளில் கிராங்கைக் கோட்டர் பின் என்னும் ஆப்பு பிடித்திருக்கும். சாதாரண மலைச் சைக்கிளில் அச்சின் முனை சதுரமாகச் சரிந்து, கிராங்கின் சதுரத் துளைக்குள் இறுக்கமாக அமரும். விலையுயர்ந்த வண்டிகளில் அச்சு தடித்த வெற்றுக்குழாயாக வலக் கிராங்கோடு ஒட்டியே வரும். ஜப்பானிய ஷிமானோ கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் இம்முறையைத் தம் மலைச் சைக்கிள் உறுப்புக்களிற் கொணர்ந்தனர். நம் வீடுகளில் மிகுதியாகக் காண்பது சதுர முனை வகையே என்பதால், அதனையே விரித்துரைப்போம்.

சதுர முனையின் குறை ஒன்றை மறத்தலாகாது. அச்சு எஃகு; கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். போல்ட் தளர்ந்த நிலையில் பத்து நாள் ஓட்டினால், வன்மையான எஃகு மென்மையான அலுமினியத்தை அரைத்துச் சதுரத் துளையை வட்டமாக்கிவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினும் அக்கிராங்க் நில்லாது, குப்பைக்கே போகும்.

நம்போன்ற மாற்றலுக்குரிய குடும்பங்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. ஊர் மாறுகையில் சைக்கிளைப் பார்சலில் அனுப்ப வேண்டிப் பெடல்களைக் கழற்றுவோம். போய்ச் சேர்ந்த ஊரில் யாரேனும் திரும்ப மாட்டுவர். நமது குடியிருப்புக்குச் சென்ற ஆண்டு வந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. அருகிலிருந்த ஒரு கடையில் இடப் பெடலை வலக் கிராங்கில் வைத்து, நீண்ட ஸ்பேனரால் வலிந்து திருகிவிட்டனர். ஒரு மாதம் ஓடிற்று. ஒரு மாலை, மேம்பாலத்தின் ஏற்றத்தில் பெடல் மரையோடு பிய்ந்து வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் கைமுட்டி உரிந்து வீடு சேர்ந்தான். பின்னால் வந்த லாரி தூரத்தில் வந்தது அவன் பெற்றோர் செய்த புண்ணியம். வேறொரு கடையின் முதிய மிஸ்திரி அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, “பாபுஜி, பெடலின் நுனியிலேயே எழுத்து வெட்டியிருக்கிறதே, யாரும் படிக்கவில்லையா?” என்றார். உண்மைதான். இடப் பெடலில் ‘எல்’ என்றும் வலப் பெடலில் ‘ஆர்’ என்றும் ஆங்கில எழுத்துப் பொறித்திருப்பது வழக்கம். பல்சக்கரங்கள் ஆணியடித்துப் பிணைக்கப்பட்டிருந்தமையால் வலக் கிராங்க் செட் முழுவதையுமே மாற்ற நேர்ந்தது.

இங்கேதான் வலமும் இடமும் முக்கியமாகின்றன. திருகாணி வலஞ்சுழித்தால் இறுகும் என்பது நாம் அறிந்த பொது விதி. சைக்கிளில் இரண்டு இடங்களில் அது தலைகீழாகும். இடப் பெடலின் மரை இடது மரை. நடு அச்சின் வலப்புறக் கிண்ணத்து மரையும் இடது மரை. வடபுலத்து மிஸ்திரிகள் மரையைச் ‘சூடி’, அதாவது வளையல், என்பர். இடது மரை அவர்களுக்கு ‘உல்டீ சூடி’. கடையில் இவ்விரு சொற்களைச் சொன்னாலே, வந்தவர் விஷயமறிந்தவர் என்று அவர்கள் கண்டுகொள்வர்.

ஏன் இந்த முறைமாற்றம்? அவர்கள் கூறும் வளையலைக் கொண்டே விளக்கலாம். பெரிய வளையல் ஒன்றனுள் சிறிய வளையலை வைத்து, உள்விளிம்போடு ஒட்டி வலமாக உருட்டுங்கள். சிறிய வளையல் வலமாகச் சுற்றி வந்தாலும், தன்னளவில் இடமாகவே சுழலும். துளைக்குள் மயிரிழை இடைவெளியோடு அமர்ந்த எந்த உருளையும், அதன்மேல் விழும் பாரம் சுற்றிச் சுற்றி வருமாயின், எதிர்த் திசையில் சிறுகச் சிறுக ஊர்ந்து திரும்பும். வலப்புறக் கிண்ணத்திற்குச் சாதாரண மரை இருப்பின் அவ்வூர்தல் அதனை நாளடைவில் கழற்றிவிடும். இடது மரையாயின் அதே ஊர்தல் அதனை இறுக்கும். பகைவனையே காவலனாக்கிய உபாயம் இது.

நினைவில் நிறுத்த ஒரு சுலப விதி கூறுவோம். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்குமாறு பொருத்திக்கொள்க. பெடலைக் கழற்ற, எந்தப் பக்கமாயினும், பிடியைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுக. நடு அச்சின் கிண்ணத்தைக் கழற்ற, எந்தப் பக்கமாயினும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளுக. மாட்டுவதற்கு இவற்றின் மறுதலை. கிராங்கை அச்சோடு பிணைக்கும் போல்ட் மட்டும் இருபுறமும் சாதாரண மரையே.

நிற்க, இனி வேலைக்கு வருவோம். வேண்டிய கருவிகள் மூன்று: போல்ட்டுக்கு 8 மி.மீ. ஆலன் சாவி அல்லது 14 மி.மீ. சாக்கெட், கிராங்க் புல்லர், கிண்ணத்தின் உட்பற்களிற் பொருந்தும் பி.பி. டூல். முதலில் போல்ட்டையும் அதனடியிலுள்ள வாஷரையும் எடுத்துவிடுக. வாஷர் உள்ளே தங்கினால் புல்லர் முழுதும் இறங்காது. புல்லரைக் கிராங்கின் மரையில் கையாலேயே கடைசி வரை திருகுக. அரைகுறையாகத் திருகி இழுத்தால் கிராங்கின் மரை உரிந்து வரும். பிறகு அதன் நடுத்தண்டை இறுக்க இறுக்கக் கிராங்க் தானே வெளிவரும். சுத்தியலால் தட்டுவது கூடாது.

இரு கிராங்குகளும் வந்தபின் இடக் கிண்ணத்தை முதலிலும், அச்சோடு கூடிய வலப்புறத்தைப் பின்னரும் கழற்றுக. துருவேறி அசையாவிடில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருக்கலாம். ஆத்திரப்படுபவர் திசையைத் தவறவிடுவர். திசை தவறிய பலம் சட்டத்தின் மரையையே அழிக்கும். அச்சை வாங்கிவிடலாம், சட்டத்தை எங்கே வாங்குவது?

புதிய அச்சை வாங்கும் முன் மூன்று அளவுகள் பார்க்க வேண்டும். குழலின் அகலம் மலைச் சைக்கிளில் பெரும்பாலும் 68 அல்லது 73 மி.மீ. அச்சின் முழு நீளம் 113, 122.5 என்றாற்போல் பழைய அச்சின் உடலிலேயே பொறித்திருக்கக் காணலாம். அது மாறினால் பல்சக்கரம் சட்டத்தில் உராயும், அல்லது செயின் கோணலாக ஓடும். மூன்றாவது மரையின் அளவு. 1.37 அங்குல விட்டம், அங்குலத்திற்கு 24 மரை என்னும் இவ்வளவை உலகெங்கும் பி.எஸ்.ஏ. மரை என்பர். துப்பாக்கி செய்துவந்த பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயர்ச் சுருக்கமே அது. அப்பெயர் நமக்குப் புதிதன்று. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தாரின் அம்பத்தூர்த் தொழிற்சாலை வண்டிகளில் நம் தந்தையர் கண்ட பெயரே. இம்மரை பரவலாக இருப்பதால் சென்னையில் வாங்கிய வண்டிக்கு நாகபுரியிலும் அச்சு கிடைக்கும். மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகையும் சில உயர்விலை வண்டிகளில் உண்டு. அதனைத் தேர்ந்த கடையில் விடுதலே தகும்.

புதியதைப் பூட்டுமுன் குழலின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, மரை முழுதும் கிரீஸ் தடவுக. மலைச் சைக்கிளின் பிறப்போடேயே கிரீஸுக்கு உறவுண்டு. 1976-இல் அமெரிக்காவின் காலிஃபோர்னியாவில், மரின் கவுண்டி மலைச்சரிவு ஒன்றில் பழைய கனத்த சைக்கிள்களைக் கொண்டு இறங்கும் பந்தயம் தொடங்கினர். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் காய்ந்து கிரீஸ் புகைந்துபோகும். மீண்டும் அடைத்தாக வேண்டும். ‘மீண்டும் அடை’ என்னும் பொருளுடைய ‘ரீபேக்’ என்பதே அச்சரிவின் பெயராயிற்று.

முதலில் வலப்புறம்; பின்சக்கரத்தை நோக்கி, விரல்களாலேயே பல சுற்றுத் திருகுக. விரலுக்கு இணங்காவிடில் மரை கோணலாகப் பற்றியது; எடுத்து மறுபடி தொடங்குக. பின்னர் இடக் கிண்ணம். இரண்டும் அமர்ந்தபின் கருவியால் இறுக்குக. கிராங்குகளை ஒன்றுக்கொன்று நேர் எதிராக மாட்டிப் போல்ட்டை இறுக்குக. 20 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோ பாரம் தொங்கினாற்போன்ற விசை போதும். அது சுமார் 40 நியூட்டன் மீட்டர். முதல் நாள் சவாரிக்குப் பின் ஒருமுறை சரிபார்க்கவும். வாரந்தோறும் இறுக்கும் பழக்கம் வேண்டா. சதுரத் துளை விரிந்து கிராங்க் மேன்மேலும் ஏறிவிடும்.

வெற்றுக்குழாய் வகையில் புல்லர் வேண்டுவதில்லை. இடக் கிராங்கின் இரு சிறு போல்ட்டுகளைத் தளர்த்தி, முனை மூடியை எடுத்தால் கிராங்க் கையோடு வரும். மாட்டுகையில் மூடியை விரல் பலத்தோடு நிறுத்துக. அஃது ஆட்டத்தை நீக்க மட்டுமே. பிடிப்பது அவ்விரு போல்ட்டுகளே. இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும்.

பல்சக்கரம் புதிதானால் செயினையும் அளந்து பாருங்கள். பின்னுக்குப் பின்னாகப் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். பதினாறில் ஓரங்குலம் மிகுந்தாலே செயின் முதிர்ந்தது. மாற்றாவிடில் புதிய பற்களையும் தின்றுவிடும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். இக்கருவிகள் ஒரு வீட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பயன்படும். தனித்தனியே வாங்குவது வீண் செலவு. நமது சங்கத்து நூல்நிலைய அலமாரியில் ஒரு கிராங்க் புல்லரும், ஒரு பி.பி. டூலும், இடுக்கிலும் நுழையும் பெடல் ஸ்பேனர் ஒன்றும் இருப்பின், புத்தகத்தைப் போலவே கையொப்பமிட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். ஸ்பேனரின் பிடியில் ‘பெடல் பின்னே, கிண்ணம் முன்னே’ என்று பெயின்டால் எழுதி வைத்துவிட்டால், கழற்றும் திசையை யாரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை.