வெட்டும் ஒட்டும்



எமது பாடசாலை மாணவர் சிலர் பரிசளிப்பு விழாவிற்கெனச் சிறு படமொன்றை ஆக்கினர். கைத்தொலைபேசியிற் பிடித்துக் கணினியில் தொகுத்த படம் அது. திடலில் ஓடிவரும் சிறுவன் ஒருவன் தடுக்கி விழுகின்றான். அடுத்த கணம் வாயிற் காவலாளர் வாய்விட்டுச் சிரிக்கின்றார். சபை சிரித்தது. காவலாளரோ தலைகுனிந்து எழுந்து சென்றார். அவர் சிரித்தது வேறொரு நாள், வேறொரு வேடிக்கைக்கு. விழுந்த சிறுவனைத் தூக்கிப் புண்ணைக் கழுவியவர் அவரே. இரு காட்சிகளும் மெய். அவற்றை இணைத்ததனால் விளைந்ததோ பொய்.

இவ்விணைப்பிற்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்தது? 1895ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 செக்கன் ஓடின. வெட்டும் ஒட்டும் இன்றி ஒரே தொடர்ச்சியாகப் பிடிக்கப்பட்டவை. 1920ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதனையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டியிற் கிடக்கும் பெண், விளையாடும் குழந்தை ஆகிய காட்சிகளுடன் தனித்தனியே இணைத்துக் காட்டினார். பார்த்தோர் அம்முகத்தில் ஆழ்ந்த சிந்தனையையும் துயரையும் மகிழ்வையும் கண்டு நடிப்பை வியந்தனரென அவர்தம் மாணவர் புடோவ்கின் கூறியுள்ளார். முகம் ஒன்றே, பொருள் தந்தது அதன் அயலில் நின்ற துண்டு.

இனி, படம் ஆக்கும் மாணவர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, அசைவின் நடுவே வெட்டுதல். ஒருவன் கதவைத் திறக்கும்போது, கை எழும்புவதைத் தூரக்காட்சியிலும் கதவு திறப்பதை அண்மைக்காட்சியிலும் காட்டினால், கண் அசைவைப் பின்தொடரும், இணைப்பைக் காணாது.

இரண்டாவது, திசை மாறாமை. உரையாடும் இருவருக்கும் இடையே ஒரு கோடு உண்டெனக் கருதி, கமராவை அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிறுத்துதல் வேண்டும். கோட்டைத் தாண்டிப் பிடித்த துண்டை இடையிற் சேர்த்தால், எதிரெதிரே நின்றோர் இருவரும் ஒரே திசையை நோக்குவோர்போல் தோன்றுவர்.

மூன்றாவது, ஒலியை முந்தவிடுதல். வகுப்பறை தெரியும் போதே விளையாட்டுத் திடலின் ஆரவாரம் கேட்கட்டும். பின்னர் திடல் தோன்றட்டும். இடமாற்றம் உறுத்தாது.

நான்காவது, அளவறிதல். ஒரு துண்டு சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததும் அதனை வெட்டுக. விரைவைக் காட்டக் குறுந்துண்டுகள் உதவும். துயருற்ற முகத்தைச் சற்று நிறுத்தியே காட்டல் வேண்டும். அரிதின் முயன்று பிடித்த காட்சியாயினும், கதைக்கு உதவாதெனின் அதனை நீக்கும் துணிவு வேண்டும். மாணவர்க்கு மிகக் கடினமான பாடம் இதுவே.

இம்முறைகள் யாவற்றையும் எம் மாணவர் அறிந்தேயிருந்தனர். அவர்தம் இணைப்பிற் பிசிறே இல்லை. அதனாலன்றோ சபை நம்பிற்று! ஆகவே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக் கற்பித்தோம்: படத்தைச் சபைக்குக் காட்டுமுன், அதில் தோன்றுவோருக்குக் காட்டுக.

மாணவர் காவலாளரிடம் மன்னிப்புக் கேட்டனர். பின்னர் அச்சிரிப்பை நீக்கி, காலை இறைவணக்கம் முடிந்ததும் அதே சபைக்குப் படத்தை மீண்டும் காட்டினர். காவலாளர் முன்வரிசையில் அமர்ந்து பார்த்தார். நீக்கிய பகுதியின் நீளம் இரண்டே செக்கன்.