மாயா மக்கள் மறைஞ்சு போயிட்டாங்களா... யார் சொன்னது?

'2012 டிசம்பர் 21-ம் தேதி உலகம் அழியப்போகுது'ன்னு ஒரு பீதி கிளம்பியதே, ஞாபகம் இருக்கா? ஹாலிவுட்டில் அதைவைத்துப் படமே எடுத்தார்கள். பழி விழுந்தது மாயா காலண்டர்மீது. உண்மையில் அன்று முடிந்தது 13-வது 'பக்தூன்'. ஒரு பக்தூன் என்பது 1,44,000 நாள்கள். டிசம்பர் 31-ம் தேதி தாளைக் கிழித்ததும் புது காலண்டர் மாட்டுவோமே... அந்த மாதிரிதான்!

'மாயா' என்ற பேரே பிற்பாடு ஒட்டியதுதான். டிக்கல், பலெங்கே, கோபான் எனப் பழங்கால நகரங்கள் ஒவ்வொன்றும் தனி ராஜ்ஜியம். எல்லோருக்கும் பொதுவான பேர் அவர்களிடம் இல்லை. மெக்ஸிகோவின் யுகாடான் பகுதியில் இருந்த மாயாபான் நகரத்தோடு ஒட்டிய பேர், ஸ்பானியர்கள் வந்தபிறகு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. (நம் புராணத்து மயனுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஃபார்வர்டு மெசேஜை நம்பாதீங்க!)

புள்ளி, கோடு, சிப்பி... இந்த மூன்றை வைத்தே எந்த எண்ணையும் எழுதினார்கள். புள்ளி 1, கோடு 5, சிப்பி பூஜ்யம். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அவர்கள் இருபது இருபதாக. மரப்பட்டைத் தாளில் மடிப்புப் புத்தகங்களும் எழுதினார்கள். 1562-ல் யுகாடானின் மானி ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அவற்றை 'சாத்தானின் வேலை' என்று கொளுத்தினார். இன்று மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு.

இதில் ஒரு வேடிக்கை. அதே லாந்தா, மாயா எழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தார். 1952-ல் சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரோசோவ், அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தைப் படிக்க வழி கண்டுபிடித்தார். மாயா மண்ணை அப்போது அவர் பார்த்ததுகூட இல்லை!

சரி, 'மர்மமாக மறைந்த நாகரிகம்' கதை? 9-ம் நூற்றாண்டு வாக்கில் வறட்சி, சண்டை என்று தெற்கு நகரங்கள் காலியானது நிஜம். ஆனா, ஜனங்க எங்கேயும் மறையலை. வடக்கே சிச்சேன் இட்ஸா செழித்தது. கடைசி ராஜ்ஜியம் ஸ்பானியர்களிடம் வீழ்ந்ததே 1697-ல்தான்.

இன்றைக்கும் மாயா மொழிகளைப் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். குவாதமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகளுக்கு அங்கீகாரம் உண்டு. அங்கே பலர் தங்களை முதலில் கிச்சே, மாம், கெக்ச்சி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அதே நாட்டில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல்போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவிகிதம் பேர் மாயா மக்கள். அந்தக் கொடுமையை உலகத்துக்குச் சொன்ன ரிகோபெர்ட்டா மெஞ்சூ, 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். அவர் ஒரு கிச்சே மாயா.