மூவலூராரின் நாவல்

தேவதாசி முறை ஒழிப்பு என்றதும், 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான் நினைவுக்கு வரும். நியாயம்தான். 1927-ல் சென்னை சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம், 20 ஆண்டுகள் கழித்து 1947-ல் சட்டமானது. ஆனால் சட்டம் சொல்ல முடியாததை ஒரு நாவல் சொன்னது: 1936-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தாசி வீட்டில் வளர்ந்து, அதை உதறி வெளியே வந்தவர் அவர். அதனால்தான் பெற்ற தாயே மகளுக்குத் தொழில் பழக்குவதும், மைனரின் மடியில் இருக்கும் பணத்தை எந்தப் பேச்சால் கறப்பது என்று சொல்லிக்கொடுப்பதும் உள்ளிருந்து பார்த்த கணக்கோடு வருகின்றன.

இது நாவலே அல்ல, பிரசாரம் என்பார்கள். பிரசங்கம் நீள்வது உண்மைதான்; பல பக்கங்கள் மேடைப்பேச்சுதான். அந்தக் காலத்து ஆண்களின் நாவல்களில் மட்டும் உபதேசம் குறைவா என்ன? அவற்றை இலக்கிய வரலாற்றில் சேர்த்துவிட்டு இதை மட்டும் தள்ளுவது எந்த அளவுகோல்? பெண்களையே வஞ்சகிகளாகக் காட்டுகிறாரே என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆனால் தலைப்பின் பிற்பாதியைப் பாருங்கள்: புத்தி வர வேண்டியது மைனருக்கு என்கிறார்.

1989-ல் தமிழக அரசின் திருமண உதவித் திட்டம் அம்மையாரின் பெயரை வீடுதோறும் சேர்த்தது. நாவல் அப்படிச் சேரவில்லை. நேயர்களே, நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.