ஓர் இலக்கம் பிழைத்தால்...

சகோதரிகளே, கொழும்பில் உழைக்கும் மகன் அனுப்பும் காசு வேறு வங்கியிலுள்ள உங்கள் கணக்கிற்கு எப்படி வருகிறது?

இலங்கையில் ஒவ்வொரு வங்கிக்கும் 4 இலக்கக் குறியீடு உண்டு. இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. கிளைக்கு 3 இலக்கம். இவற்றையும் கணக்கு இலக்கத்தையும் கொண்டே பணம் வழியறிகிறது. 2015 இல் ஆரம்பமான 'செப்ட்ஸ்' முறையில் சில நொடிகளில் சேர்ந்துவிடும். வங்கிகள் தமக்கிடையிலான கணக்கை மத்திய வங்கியூடாகத் தீர்த்துக்கொள்கின்றன. வெளிநாட்டு வங்கியிலிருந்து அனுப்புவோருக்கு 'ஸ்விப்ட்' குறியீடும் தேவை.

பெயர் சரியாக இருந்தாலும் இலக்கம் பிழைத்தால் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு வேறொருவர் கணக்கிற்குப் போய்விடலாம். எனவே வங்கிப் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக் கொடுங்கள். பிழை நேர்ந்தால், அனுப்பியவர் பற்றுச்சீட்டுடன் உடனே தமது வங்கியை நாடவேண்டும். அட்டையின் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் பெற அது தேவையே இல்லை.